இடது பக்கம் உடையும் அலை

ரொட்டிக்கடையில் கடைசித் தட்டு மார்ராக்கெத்தாவை
அடுப்புக்குள் தள்ளிவிட்டு
விரலிடுக்கில் மாவு காய்வதற்குள் கிளம்பிவிடுவேன்.
என் வேனுக்குச் சாவி கிடையாது,
ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.
இதைத் திருடும் அளவுக்கு
புக்கலேமுவில் யாருக்கும் கஷ்டம் வரவில்லை.

முதலில் காற்று.
பெட்ரோல் பங்கின் பிளாஸ்டிக் கொடி
துவண்டு தொங்கினால் நல்ல காலை.
படபடத்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.
தெற்கிலிருந்து வருகிற காற்றுக்கு
எங்கள் ஊரில் மென்மையான பெயர் எதுவும் இல்லை.

ரப்பர் உடை
நேற்றைய குளிரை அப்படியே வைத்திருக்கும்.
அதற்குள் காலை விடுவது
அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குள் நுழைவது போல.
கழுத்தில் ஜிப் கடிக்கும் இடத்தில்
ஆறு வருடமாக ஒரே தழும்பு.
வாடகை பாக்கி, கடைவாய்ப் பல்,
அண்ணன் போடாத பதில்
எல்லாம் வேனுக்குள் இருக்கட்டும்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போகிறேன்.

பாறையில் நிபால்தோ எனக்கு முன்பே நிற்பான்.
இடுப்பில் கத்தி, தோளில் கயிறு,
கொச்சாயூயோ அறுக்க வந்தவன்.
பழுப்பு நிறத்தில், தோட்டக் குழாய் நீளத்துக்கு
பாறையின் வேரிலிருந்து தலைவிரித்து ஆடும் பாசி அது.
குதிக்க எனக்கும் இறங்க அவனுக்கும்
இருப்பது ஒரே பாறை.
"பொம்மையோடு வந்துட்டா" என்பான்.
"சூப்புக்காரன்" என்பேன்.
எங்கள் காலை வணக்கம் இவ்வளவுதான்.

சிறியது. சிறியது. ஒரு பொய்.
பிறகு தொலைவில்
யாரோ போர்வையை உதறியது போல ஒரு கோடு.
அது கடந்ததும் குதிக்க வேண்டும்.
யோசித்தால் முழங்கால் போகும்.

வலது காலை முன்வைத்து நிற்பவள் நான்.
வேறு ஊர்களில் அலைக்கு முதுகு காட்டியே போனேன்,
இங்கே மட்டும்தான் நேருக்கு நேர்.
இந்த ஊரில் தங்கிவிட்டதற்கு
இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை,
அம்மாவிடம் சொன்னது வேறு.

பெலிகன்கள் வயிறு நனையாமல்
அலையின் உதட்டை உரசிப் போகும்.
கடல்சிங்கம் ஒன்று தலையை நீட்டி
வட்டிக்குக் கொடுத்தவன் போல என்னைப் பார்க்கும்,
மூழ்கும், இன்னும் கிட்டே வந்து பார்க்கும்.
எட்டு நொடி நிற்பேன்.
மிஞ்சிப்போனால் பன்னிரண்டு.
மற்றதெல்லாம் கையால் தண்ணீர் தள்ளுவது,
காத்திருப்பது,
தப்பான அலைக்குத் திரும்புவது.
அந்தப் பன்னிரண்டு நொடி எப்படி இருக்கும் என்று
ரொட்டிக்கடை முதலாளி ஒருமுறை கேட்டார்.
மாவு உப்புவதைப் பார்த்துக்கொண்டே
"தெரியலை, அப்போ நான் இருக்கிறதில்லை" என்றேன்.

ஏப்ரலில் ஒரு நாள் கடல் இரவெல்லாம் ஏறியிருந்தது.
கட்டி முடித்த பாசிச் சுமையை
ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டது.
மூன்று நாள் வேலை.
நிபால்தோ கத்தவில்லை.
கயிறு போன கையை
இன்னும் பிடித்தபடியே வைத்திருந்தான்.

நான் வெளியே, நுரைக்கு அப்பால்.
சுமை என்னைத் தாண்டி
செத்த மிருகம் போல மிதந்து போனது.
பின்னால் அன்றைய நல்ல அலை எழுந்து வந்தது,
சுத்தமாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.
அதைப் பார்த்தேன்.
இன்றும் பார்க்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.
பிறகு கயிற்றின் நுனியைக் கணுக்காலில் சுற்றி
பலகையில் குப்புறப் படுத்துக் கரைக்கு இழுத்தேன்.
நாற்பது நிமிடம். இரண்டு முறை வாந்தி.

அவன் சுமையை எண்ணினான்.
"நாலு கட்டு குறையுது" என்றான்.

மறுநாள் பாறையில் கால் வைத்தபோது
வழுக்கவில்லை.
நான் குதிக்கும் அந்த ஓர் அடி இடத்தில்
பச்சைப் பாசியைக் கத்தியால் சுரண்டியிருந்தது.
அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.
"பொம்மை" என்றான், கடலைப் பார்த்து.

இரவு.
மாவுத் தொட்டியின் மேல் குனிகிறேன்.
காலையில் மண்டைக்குள் புகுந்த கடல்
எப்போதும் இந்த நேரத்தில்தான்
மூக்கு வழியாகத் திரும்பி வரும்.
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
உள்ளேயிருந்து முதலாளியின் குரல்:
"யாஸ்னா, உப்பு போட்டாச்சா?"